திரும்பினாலும் மாறாத கை

“அம்மா, அப்பா அந்தப் பக்கம் திரும்பினா அடிபட்ட கையும் மாறிடுமா?”

ஆறு வயது மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். கேட்டபோது அவள் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியின் பின்கம்பியில் ஏறி நின்றுகொண்டு, கணினித் திரையில் நடந்துகொண்டிருந்த ஒரு சின்ன மனிதனைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

அந்த மனிதனின் உயரம் திரைக் கணக்கில் இருபத்தெட்டுப் புள்ளி. கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்பிச் செய்த ஆள். மொத்தம் எட்டுப் படங்கள். அடுத்தடுத்து ஓடவிட்டால் நடப்பான். வலது பக்கம் போகும்போது, கழுத்திலிருந்து தொங்கும் துணிக்கட்டில் அவனுடைய இடது கை மார்போடு ஒட்டிக் கிடக்கும். வலது கை வீசும். திரையின் ஓரத்துக்கு வந்ததும் திரும்பி மறுபக்கம் நடப்பான். வம்பு அங்கேதான். திரும்பிய நொடியில் கட்டு வலது கைக்குப் போய்விடும். அடிபட்ட இடது கை, ஒன்றுமே நடக்காதது போல ஜம்மென்று வீசும்.

“அது அப்பான்னு யாரு சொன்னது உனக்கு?”

“அப்பாதான். தலையப் பாரு, சீவவே இல்ல.”

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த குறுக்குவழி அது. ஒரு பக்கம் நடப்பதை வரைந்தால் போதும். ஒரு பட்டனைத் தட்டினால், கண்ணாடியில் தெரிவது போல மறுபக்கம் தானாகக் கிடைக்கும். பாதி வேலை மிச்சம். பத்து மாணவர்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். கை மாறுவது ஒருவர் கண்ணிலும் படவில்லை. வீட்டில் தினமும் அந்தக் கைக்குச் சட்டை மாட்டிவிடும் ஒரு குழந்தையின் கண்ணில்தான் பட்டது.

அந்த வகுப்பை நடத்தியது ஒரு சின்ன கேம் கம்பெனி. மூன்று மாதப் பயிற்சி. முடிவில் ஒருவருக்கு வேலை. விளையாட்டில் நடமாடும் இந்தக் குட்டி உருவங்களுக்கு ஸ்பிரைட் என்று பெயர். அதற்கு முன் அவள் ஒரு கூரியர் அலுவலகத்தில் விலாசங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவள். வேலை இல்லாத நேரத்தில் எக்செல் கட்டங்களுக்கு வண்ணம் பூசிக் கிளியும் கெட்டிலும் வரைவாள். “கம்பெனி கட்டத்துல கிளி வளர்க்கிறியாம்மா?” என்று மேலாளர் ஒருநாள் பிடித்துவிட்டார். அந்தக் கதையை வகுப்பில் சொல்லப்போய், முப்பத்தாறு வயதில் அவளுக்குப் புதுப்பெயர் கிடைத்தது: கட்டம் அக்கா. மற்றவர்கள் எல்லாம் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர்கள்.

கூரியர் அலுவலகம் மூடிய அதே மழைக்காலத்தில்தான் கணவனுக்கு அடிபட்டது. கிடங்கில் சரக்கு லிப்டின் கதவுக்கும் தூணுக்கும் நடுவே இடது கை சிக்கிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது; தோளிலிருந்து கீழே நரம்பு எழவில்லை. தினமும் மாலை நாற்பது சுற்று நடக்க வேண்டும் என்றார் டாக்டர். அதனால் மூன்றாம் மாடியின் நீண்ட வராந்தாவில், மாடிப்படியிலிருந்து மீட்டர் பெட்டிகள் வரைக்கும் போவான், வருவான். யாராவது பார்த்தால் நின்றுவிடுவான். சுவரில் சாய்ந்துகொண்டு, சும்மா காற்று வாங்க வந்தவன் போல வானத்தைப் பார்ப்பான். மனைவி பார்த்தாலும் அப்படியே. “என்ன, கண்காட்சியா?” என்பான். முன்பெல்லாம் வாயைத் திறந்தால் கேலியும் கிண்டலுமாக இருந்த மனுஷன்.

கீழ்மாடிப் பையன்கள் இரண்டு பேர், ஒரு கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, அவனைப் போலவே படியில் நடந்து காட்டியதை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். அவனும் பார்த்தான். பார்க்காதவன் போல இருந்ததையும் அவள் பார்த்தாள். அன்று அவன் பத்துச் சுற்றோடு உள்ளே வந்துவிட்டான்.

மகள் கேட்ட கேள்வி அவளை விடவில்லை. இறுதித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. மறுபக்கத்தையும் தனியாக வரைவது என்று முடிவு செய்தாள். ஆனால் மறுபக்கம் எப்படி இருக்கும்? செயலற்ற கை பார்ப்பவரின் பக்கம் வரும்போது தோள் என்ன செய்கிறது? நினைவிலிருந்து வரைந்தால் பொம்மைதான் வந்தது.

வராந்தாவை ஒட்டிய சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து, அட்டை செருகியிருந்தது. மறுநாள் மாலை அவன் நடக்கப் போனதும், அட்டையை இரண்டு விரல் அகலம் நகர்த்தி, அந்த இடுக்கில் தன் போனை வைத்துப் படம் பிடித்தாள். போவதும் வருவதுமாகப் பதினோரு விநாடி. ‘கடவுளே, அப்புறம் சொல்லிடுறேன்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நமக்கெல்லாம் இந்த ‘அப்புறம்’ ஒரு நல்ல மறைவிடம்.

பதினோரு விநாடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில், இத்தனை மாதம் பக்கத்திலேயே இருந்தும் தெரியாத ஒன்று தெரிந்தது. ஒரு கால் இன்னொரு காலைக் கடக்கும் இடத்தில் அவன் ஒரு கணம் நிற்கிறான். கண்ணுக்குத் தெரியாத நிறுத்தம். கீழே தரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகு காலை வைப்பவன் போல. அதற்கு முன்னால் வலது தோள் ஒரு புள்ளி உயர்கிறது. அவ்வளவுதான். அந்த ஒரு புள்ளியைத் தூக்கி, அந்த ஒரு படத்தை ஒரு துளி நேரம் கூடுதலாக நிறுத்தியதும், திரையில் இருந்த பொம்மைக்கு உயிர் வந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேர்வு நாளில் முதலாளி பத்துப் பேருடைய ஆட்களையும் வரிசையாக நடக்கவிட்டுப் பார்த்தார். முப்பது வயது தாண்டாதவர். எதையும் பாராட்டும் வழக்கம் இல்லாதவர். அவளுடைய ஆள் வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“திருப்பிப் போடலையா நீங்க? ரெண்டு பக்கமும் தனியா வரைஞ்சீங்களா?”

“ஆமா சார். கை மாறிடுது, அதான்.”

“இந்த நடை... எங்கேருந்து பிடிச்சீங்க?”

அவள் மென்று விழுங்கினாள். “சும்மா... பார்த்து வரைஞ்சதுதான் சார்.”

வேலை அவளுக்குக் கிடைத்தது. வீட்டில் சொன்னபோது கணவன் நல்ல கையால் அவள் தலையைத் தட்டினான். எதிர்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரிடம் போய், “நம்ம வீட்டம்மா கம்ப்யூட்டர்ல ஆளை நடக்கவைக்கிறா சார். நான் நடக்கிறதுக்கே டாக்டர் வேண்டியிருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் கிண்டல். அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. அப்படியே இரண்டு மாதம் போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில் கோடிங் செய்யும் தம்பி அவளைக் கூப்பிட்டான். அவனை எல்லாரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தில் மூக்கைத் தவிர மிச்சமெல்லாம் தாடி.

“அக்கா, வாங்க வாங்க. உங்க ஆளு ஹீரோ ஆயிட்டாரு. ஹீரோ இல்ல, வில்லன். வில்லன்கூட இல்ல, அடி வாங்குறவன்.”

திரையில் ஓர் இருட்டுக் காடு. மரங்களுக்கு நடுவிலிருந்து களிமண் பூதங்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, பத்து, முப்பது. துணிக்கட்டை எடுத்துவிட்டிருந்தார்கள், சட்டைக்குப் பதிலாக மண். ஆனால் இடது கை மார்போடு ஒட்டித்தான் இருந்தது. முப்பது பூதங்களும் வலது தோளை ஒரு புள்ளி உயர்த்தின. முப்பதும் ஒரு கணம் நின்று, தரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, காலை வைத்தன.

தாடி ஒரு பட்டனைத் தட்டினான். கதாநாயகன் கையிலிருந்த மரக்கட்டை சுழன்றது. முதல் பூதம் ‘தொப்’பென்று விழுந்து மண்ணாய்ச் சிதறியது. திரை மூலையில் பத்துப் பாயிண்ட். இரண்டாவது. இருபது பாயிண்ட்.

“முதலாளி முந்தாநாள்தான் சொன்னாரு, அந்த நடையை எடுத்துப் பூதத்துக்குப் போடுன்னு. சூப்பரா ஒட்டிக்கிச்சுக்கா. பைலுக்குப் பேருகூட ‘நொண்டி’ன்னு வச்சிட்டேன்.” அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு தாடிக்குள்ளேயே எங்கேயோ போய்விட்டது. “என்னக்கா, நல்லா இல்லையா?”

“நல்லா இருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டுப் போய், கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். முகம் கழுவவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அது போனில் விளையாடும் கேம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வெளியீடு. கீழ்மாடிப் பையன்கள் இரண்டு பேரிடமும் போன் இருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்தால், கணவன் கட்டிலில் சாய்ந்துகொண்டு வலது கைப் பெருவிரலால் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மகள், பயிற்சியாளர் மாதிரி.

“அப்பா, குதி! குதிப்பா! ஐயோ, செத்துட்ட.”

“ஒத்த விரலை வச்சுக்கிட்டு எவ்வளவுடி குதிக்கிறது? விரலுக்கு மூச்சு வாங்குது.” அவளைப் பார்த்து, “பழகிக்கிட்டு இருக்கேன். உன் கேம் வந்ததும் இந்த பில்டிங்லயே முதல்ல ஆடுறது நான்தான். சொல்லிட்டேன்” என்றான்.

“எதுக்குங்க இப்போ அதெல்லாம்...”

“எதுக்கா? நீ போட்ட பூதத்தை வேற எவனோ முதல்ல அடிக்கணுமா?”

அவள் சமையலறைக்குப் போனாள். ஜன்னலில் அந்த அட்டை இரண்டு விரல் அகலம் நகர்ந்தபடியே இருந்தது. இத்தனை நாளும் அதைச் சரியாக்கத் தோன்றவில்லை. அவன் கண்டுபிடித்துவிடுவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தன் நடையைத் தானே பார்க்காத மனுஷன்தான்; ஆனால் அந்தப் பையன்கள் படியில் நடந்து காட்டியபோது நொடியில் புரிந்துகொண்டவன். பையன்கள் செய்தது ஐந்து நிமிஷக் குறும்பு. அவள் செய்தது ஆயிரம் போனுக்குப் போகப்போகிறது.

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, வெளியே தாடியின் மேஜை.

“சார், அந்தப் பூதத்தோட நடையை மாத்தணும்.”

“எது? அந்த நடையா? கேமே அதுலதான் நிக்குது. ஏன் மாத்தணும்?”

ஏன் என்று சொல்லலாம். சொன்னால் ஒருவேளை அவர் மாற்றியும் விடுவார். ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வரும்போது, கணவனின் கை இந்த அலுவலகத்தில் ஒரு பேச்சாக ஆகியிருக்கும். ஒருமுறை கேட்காமல் எடுத்தாயிற்று. இப்போது கேட்காமல் சொல்லவும் வேண்டுமா? அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என் மனசுக்குச் சரியா படல சார்.”

“மனசுக்கா?” அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதோ பாருங்க, அதைவிட நல்ல நடை கொண்டுவாங்க, மாத்திக்கலாம். சுமாரா இருந்தா வேண்டாம். ஆபீஸ் நேரத்துல ஒரு மணி நேரம்கூட தரமாட்டேன். வர்ற திங்கட்கிழமை மதியத்துக்குள்ள. அதுக்கப்புறம் என்கிட்ட வராதீங்க.”

வெளியே வந்தபோது தாடி திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பேசினான். “அக்கா, ஒரு விஷயம். பக்கத்துக்கு எட்டுப் படம், அதே அளவு, அதே பேரு. அப்படிக் கொடுத்தீங்கன்னா நான் ஒரு வரிகூட மாத்த வேண்டியதில்ல. என் புரோகிராமுக்குப் பேருதான் தெரியும். உள்ள நடக்கிறது யாருன்னு தெரியாது.”

“சரி தம்பி. அந்தப் பேரு...”

“அது ஏற்கெனவே மாத்தியாச்சு.”

எட்டிப் பார்த்தாள். ‘நொண்டி’ இருந்த இடத்தில் ‘களிமண்-1’ என்று இருந்தது. அவள் கேட்கவில்லை, அவனும் எதுவும் கேட்கவில்லை. இந்த மாதிரிச் சின்ன நல்லதுகளுக்குக் கணக்கு எழுதுபவர் மேலே ஒருவர் இருக்கிறார் என்று அவள் நம்பினாள். காதில் மாட்டுவதை மாட்டிக்கொண்டு அவன் வேலையைத் தொடர்ந்தான்.

அன்றிலிருந்து பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், மகளின் பழைய கணக்கு நோட்டை மடியில் விரித்துக்கொண்டு, கட்டங்களில் பென்சிலால் புள்ளி வைத்துப் பார்த்தாள். குனிந்து நடக்கும் பூதம். தள்ளாடும் பூதம். காலை இழுக்கும் பூதம். மதிய இடைவேளையில் அவற்றைக் கணினியில் ஏற்றி ஓடவிட்டால் எல்லாம் சாவி கொடுத்த பொம்மைகள். எதிலும் ஆள் இல்லை. பக்கத்தில் அந்தப் பழைய நடை ஓடும்போது, இவை எல்லாம் வெட்கப்பட்டு ஓரமாக ஒதுங்குவது போல இருந்தது. புதன் போயிற்று, வியாழன் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் ஒரு துப்புரவுக்காரர், குப்பைத் தள்ளுவண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார். வண்டியின் ஒரு சக்கரம் மக்கர் பண்ணியது. அவருடைய முழு உடம்பும் அந்தச் சக்கரத்துக்கு வளைந்துகொடுத்து நடந்தது. அருமையான நடை. அவள் கை தானாகப் பைக்குள் போய்ப் போனை எடுத்துவிட்டது. கேமராவும் திறந்துவிட்டது. திரையில் அவர் சின்னதாக, கட்டத்துக்குள் அகப்பட்டது போலத் தெரிந்தார்.

அப்போது அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாக நடக்க முயன்றார்.

அவளுக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. போனை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, “மன்னிச்சுக்குங்க ஐயா” என்றாள். அவருக்குக் காதில் விழுந்ததோ என்னவோ. பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று. உலகத்தில் எத்தனை கோடிப் பேர் நடக்கிறார்கள்! அவர்களில் யாரையும் கேட்காமல், யாருக்கும் வலிக்காமல் எடுத்துக்கொள்ளக் கூடியது யாருடைய நடை?

விடை தெரிந்தபோது சிரிப்புத்தான் வந்தது. அது அவள் செருப்பிலேயே இருந்தது.

மதிய இடைவேளையில் அலுவலக மொட்டை மாடிக்குப் போனாள். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கிழிந்த நாற்காலி; வேறு யாரும் இல்லை. போனை ஒரு பெயிண்ட் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, வழக்கம் போலத் தோளில் பையை மாட்டிக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் அங்கிருந்து திரும்பவும் நடந்தாள். முதல் தடவை வெட்கமாக இருந்தது. நடை நடையாகவே வரவில்லை. நாலாவது தடவை, ரேஷன் கடை மூடும் நேரத்தையும் மகளின் பள்ளி விடும் நேரத்தையும் நினைத்துக்கொண்டே நடந்தாள். அப்போது வந்தது.

தொட்டியின் நிழலில் உட்கார்ந்து பார்த்தாள். இதுவா நான்?

தலை காலுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. யாரோ தூரத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பது போல. இடது தோள் பையின் பாரத்துக்குக் கீழே சாய்ந்திருந்தது. இதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வலது கை. அது வீசவே இல்லை. உடம்பை விட்டுக் கொஞ்சம் பின்னால் தள்ளி, விரல் விரிந்து, அப்படியே நின்றது.

ஏன் என்று முதலில் பிடிபடவில்லை. இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் புரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும், கூட்டத்தில் யாரும் இடித்துவிடாதபடி அவள் கணவனின் இடது பக்கமாகவே நடப்பாள். ஓரடி முன்னால் போய், வலது கையைப் பின்னால் விட்டு, அந்தச் செயலற்ற கைக்கு ஓர் அரண் போல வைத்துக்கொள்வாள். எட்டு மாதப் பழக்கம். இப்போது பக்கத்தில் அவன் இல்லை. கைக்கு அது தெரியவில்லை.

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பகலில் வரைந்தாள். ஒரு பக்கத்துக்கு எட்டு, மறுபக்கத்துக்கு எட்டு. தலையை ஒரு புள்ளி முன்னால் தள்ளினாள். இடது தோளை ஒன்று இறக்கினாள். வலது கைக்கும் முதுகுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி இடைவெளி விட்டாள்; அந்த ஒரு புள்ளி வழியே பின்னாலிருந்த காடு தெரிந்தது. இரண்டு புள்ளி விட்டால் கோமாளி. புள்ளியே விடாவிட்டால் கட்டை. ஒன்று சரியாக இருந்தது. கால் கடக்கும் இடத்தில் நிறுத்தத்தை எடுத்துவிட்டாள். அவளுடைய நடையில் நிற்பதற்கு ஏது நேரம்?

திங்கட்கிழமை மதியம் முதலாளி இரண்டு நடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். மறுபடியும் ஒருமுறை ஓடவிட்டார்.

“பழசுதான் அழகு” என்றார்.

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஆனா புதுசு நம்மளை விடமாட்டேங்குது. இந்தக் கை எதுக்கு இப்படிப் பின்னாடி போகுது? யாரையோ பிடிச்சு இழுத்துக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு, ஆனா பின்னாடி யாருமில்ல.” தாடையைத் தடவிக்கொண்டார். “பயமா இருக்கு. பூதத்துக்குப் பயம்தான் வேணும். இதைப் போடுங்க. பழசைத் தூக்கிடுங்க, ரெண்டும் இருந்தா குழப்பம்.”

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது அவள் பழைய பைல்களைத் திறந்தாள். அந்த மனிதன் கடைசியாக ஒருமுறை நடந்தான். வலது தோளை உயர்த்தினான், நின்றான், காலை வைத்தான். “போதுங்க, வீட்டுக்குப் போங்க” என்று முணுமுணுத்துவிட்டு அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். தன் போனில் இருந்த பதினோரு விநாடியையும் தேடி எடுத்து அழித்தாள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை கேம் வெளியானது. சொன்னபடியே அந்தக் கட்டடத்தில் முதலில் ஆடியது அவன்தான். பெருவிரல் பறந்தது.

“வாடா மண்ணு! இந்தா வாங்கிக்கோ! அடியே, பார்த்தியா, உன் பூதத்தை நான் என்ன பாடு படுத்துறேன்னு?”

திரையில் அவளுடைய நடையோடு முப்பது பூதங்கள் வந்தன. தலை முன்னால், தோள் சாய்ந்து, கை பின்னால். ஒவ்வொன்றாக ‘தொப், தொப்’ என்று விழுந்தன. ஒவ்வொரு அடிக்கும் அவள் சிரித்தாள். அவன் அப்படிக் குதூகலமாகக் கத்திக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. எத்தனை அடி வேண்டுமானாலும் விழட்டும் என்றிருந்தது.

மகள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஒரு பூதம் மரத்தில் முட்டித் திரும்பி நடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரிய மனுஷி போலத் தலையை ஆட்டினாள்.

“திரும்பினாலும் கை மாறல. சரியா போட்டிருக்கம்மா.”

சமையலறை ஜன்னலில் இப்போது அட்டை இல்லை. புதுக் கண்ணாடி பதித்தாகிவிட்டது. உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே வெறும் வெளிச்சம்தான் தெரியும், அந்த மாதிரிக் கண்ணாடி. நீ எதற்கு இதற்கு மெனக்கெட்டாய் என்று அவன் கேட்டபோது, “காத்து வருதுங்க” என்று சொல்லிவைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு மாலை அவள் வேலையிலிருந்து திரும்பி மூன்றாம் மாடிக்கு வந்தபோது, வராந்தாவில் வேறு யாரும் இல்லை. அவன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு மீட்டர் பெட்டிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். எத்தனையாவது சுற்றோ. அங்கே போய்த் திரும்பினால் அவளைப் பார்ப்பான், பார்த்தால் நின்றுவிடுவான், வானத்தைப் பார்ப்பான்.

அவள் சத்தமில்லாமல் இரண்டு படி கீழே இறங்கினாள். அங்கேயே சுவரோரமாகக் குனிந்து, சரியாக இருந்த செருப்பு வாரை அவிழ்த்தாள். மேலே காலடிச் சத்தம் வந்தது. ஒரு கணம் நின்றது, பிறகு ஊன்றியது. மறுபடி நின்றது, மறுபடி ஊன்றியது. படிக்கட்டின் தலைப்பு வரைக்கும் வந்து, திரும்பி, அந்தக் கோடிக்குப் போயிற்று.

அவள் வாரை மாட்டினாள். மறுபடியும் அவிழ்த்தாள். நிமிரவே இல்லை. சத்தம் நின்று, வீட்டுக் கதவு திறந்து மூடும் ஓசை கேட்ட பிறகுதான் செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள்.